கம்பி வழி வந்த சம்பளம்

உங்கள் ஊர்ப் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனால், கடந்த இருபது ஆண்டுகளில் வெளிவந்த ஆங்கில ஆய்வு நூல்கள் சிலவற்றை எடுத்துத் தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைப் பாருங்கள். பதிப்பகம் லண்டனிலோ நியூயார்க்கிலோ இருக்கும். நூலாசிரியர் எடின்பரோவிலோ மெல்பர்னிலோ பேராசிரியராக இருப்பார். அதே பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், அச்சுக்கோத்த நிறுவனத்தின் பெயரும் ஊரும் இருக்கும். பல நூல்களில் அந்த ஊர் சென்னை. வேறு பலவற்றில் புதுச்சேரி.

முதுகலை படிக்க வெளிநாடு வந்த முதல் குளிர்காலத்தில் ஒரு பாடநூலில் அந்த வரியைப் பார்த்தேன். புத்தகத்தின் விலை என் ஒரு வாரச் சாப்பாட்டுச் செலவைவிட அதிகம். அதைப் பக்கம் பக்கமாகக் கோத்தவர் சென்னையில் எந்த நிறுத்தத்தில் பஸ் பிடித்து வேலைக்குப் போயிருப்பார், சம்பளத்தில் எவ்வளவு வாடகைக்குப் போயிருக்கும், எவ்வளவு அவருடைய சொந்த ஊருக்குப் போயிருக்கும் என்றெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன். கடல் கடந்து வந்து நான் தேடிக்கொண்டிருந்த டாலர் வேலையை அவர் கடல் கடக்காமலே செய்துகொண்டிருந்தார்.

ஊரில் உட்கார்ந்தபடி வெளிநாட்டு நிறுவனத்துக்கு வேலை செய்வது என்றதும் பெரும்பாலோர்க்கு 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுதான் நினைவுக்கு வருகிறது. அந்த வரலாறு அதைவிட நீளமானது. அதன் முன்கதை புலம்பெயர்ந்த நம் எல்லோருடைய கதையோடும் பின்னிக் கிடக்கிறது. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது ஒரு கேள்வி எழுகிறது: தூரத்திலிருந்து வரும் சம்பளம் ஒரு ஊரை என்ன செய்கிறது? அது நின்றுபோனால் ஊரில் என்ன மிஞ்சுகிறது?

கப்பலில் ஆள், கம்பியில் செய்தி

1870ஆம் ஆண்டின் இறுதியில் மதராஸ் கடற்கரையிலிருந்து பினாங்குக்கும், அங்கிருந்து சிங்கப்பூருக்கும் கடலுக்கடியில் தந்திக் கம்பி இடப்பட்டது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் செய்திகள் போய்வரத் தொடங்கின. அதே 1870இல்தான் பம்பாயிலிருந்து சூயஸ் வழியாக லண்டனுக்கும் கடற்கம்பித் தொடர்பு கிடைத்தது. லண்டன் சந்தையில் ஒரு பொருளின் விலை ஏறியது என்ற செய்தி மதராஸ் வழியாகச் சிங்கப்பூரைச் சில மணி நேரத்தில் எட்ட முடிந்தது.

கம்பியில் செய்தி போனது. ஆள் கப்பலில்தான் போக வேண்டியிருந்தது. மலாயாத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் திரட்டிய கூலிகள் கப்பலின் மேல்தளத்தில் போனார்கள். நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் வட்டிக்கடை ஏஜெண்டுகள் மூன்றாண்டுக் கணக்கில் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போய் வந்தார்கள். குடும்பம் செட்டிநாட்டிலேயே இருந்தது. யாழ்ப்பாணத்தில் ஆங்கிலப் பள்ளிகளில் படித்தவர்கள் மலாயாவின் ரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் எழுத்தர்களாக, ஸ்டேஷன் மாஸ்டர்களாகப் போய்ச் சேர்ந்தார்கள். ஓய்வு பெற்றுத் திரும்பியவர்களை ஊர் "மலாயன் பென்சனியர்" என்று அழைத்தது. மூன்று கூட்டத்தாருக்கும் பொதுவான ஒரு விதி இருந்தது. ஆள் போனால்தான் பணம் வரும்.

அப்படி வந்த பணம் என்ன செய்தது என்பதைக் காரைக்குடிப் பக்கம் போனால் கண்ணால் பார்க்கலாம். பர்மா தேக்கும் இத்தாலியப் பளிங்கும் ஆத்தங்குடி ஓடும் வைத்துக் கட்டிய வீடுகள் தெரு முழுக்க நிற்கின்றன. கொத்தனார், தச்சர், சுண்ணாம்பு அரைத்தவர், ஓடு வார்த்தவர் என்று எத்தனையோ கைகளுக்கு அந்தப் பணம் கூலியாகப் போயிருக்கிறது. ஆனால் அந்த வேலைகள் எல்லாம் தூரத்துப் பணத்தை நம்பியே இருந்தன. 1930களின் பொருளாதார மந்தத்தில் பர்மிய விவசாயிகள் கடனைத் திருப்பித் தர முடியாமல் போக, கீழ் பர்மாவின் நெல் நிலத்தில் ஏறத்தாழ கால்பங்கு செட்டியார்களின் கைக்கு வந்தது. 1942இல் ஜப்பானியப் படை வந்தது. 1948இல் சுதந்திர பர்மா நில தேசியமயச் சட்டம் இயற்றியது. செட்டிநாட்டு வீடுகளில் பல பூட்டப்பட்டன. சிலவற்றின் தேக்குத் தூண்கள் பழைய சாமான் கடைகளுக்குப் போயின. யாழ்ப்பாணத்திலும் ஜப்பானிய ஆக்கிரமிப்பு ஆண்டுகளில் மலாயாப் பணம் வருவது தடைபட்டது. பணவிடையை நம்பிய பொருளாதாரம் என்று பின்னாளில் யாழ்ப்பாணத்தைப் பற்றி எழுதியவர்கள் சொன்னது இதைத்தான்.

எல்லாமே அழிந்துவிடவும் இல்லை. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் முயற்சியில் 1929இல் சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் வந்தது. வெளிநாட்டு வணிகத்திலும் ஆலைத் தொழிலிலும் பொருள் ஈட்டிய அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் 1947இல் கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அங்கே வருவதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார்; 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார். ரங்கூன் கணக்குகள் முடிந்து முக்கால் நூற்றாண்டு ஆகியும் அந்த ஆய்வகத்தில் வேலை நடக்கிறது. இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதற்குத் திரும்பி வருவேன்.

ஆளுக்குப் பதில் வேலை வந்தது

மென்பொருள் ஏற்றுமதியும் முதலில் பழைய விதிப்படிதான் நடந்தது. 1974இல் டாட்டா கன்சல்டன்சி நிறுவனம் ஏற்றுமதியைத் தொடங்கியபோதும், அதற்குப் பிறகு நெடுங்காலமும், வேலையின் பெரும்பகுதி வாடிக்கையாளரின் ஊரில்தான் நடந்தது. பொறியாளர்களை விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள். கங்காணிக்குப் பதில் கன்சல்டன்சி. மேல்தளத்துக்குப் பதில் கடைசி வரிசை ஜன்னல் இருக்கை. அமெரிக்கா 1990இல் இயற்றிய குடிவரவுச் சட்டம் ஹெச்-1பி விசாவை உருவாக்கி ஆண்டுக்கு 65,000 என்று உச்சவரம்பு வைத்தது. நம்மில் பலரை இங்கே கொண்டுவந்து சேர்த்தது அந்த வழிதான்.

விதி மாறத் தொடங்கியது 1985இல். அமெரிக்காவின் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் பெங்களூரில் வடிவமைப்பு மையம் திறந்து, தனக்கென்று செயற்கைக்கோள் இணைப்பும் பெற்றது. பெங்களூரில் செய்த வேலை அன்றைக்கே அமெரிக்கா போய்ச் சேர்ந்தது; செய்தவர் மாலையில் ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போனார். 1991இல் இந்திய அரசு மென்பொருள் தொழில்நுட்பப் பூங்காக்களுக்கான அமைப்பை ஏற்படுத்தி, தனியாகச் செயற்கைக்கோள் இணைப்பு வாங்க வசதியில்லாத சிறு நிறுவனங்களுக்கும் வாடகைக்குக் கொடுத்தது. அன்றைய இணைப்பின் வேகம் நொடிக்கு 64 கிலோபிட். இன்று ஒரு கைப்பேசியில் ஒரு படம் பார்க்கக்கூட அது போதாது. அதே 1991இல் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. டாலருக்கு ஏறத்தாழ 18 ரூபாய் என்று இருந்தது 2000இல் 45 ஆனது. ரூபாயில் சம்பளம் கொடுத்து டாலரில் கட்டணம் வாங்குபவருக்கு அந்தச் சரிவு ஒவ்வொன்றும் லாபம்.

மதராஸுக்கு இந்த வேலை ஏன் வந்தது என்பதற்குப் பலரும் சொல்லும் காரணம் பொறியியல் கல்லூரிகள். எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1984 முதல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் அனுமதிக்கப்பட்டன. பிற்காலத்தில் அவற்றின் எண்ணிக்கை 500ஐத் தாண்டியது. ஆனால் வேறு இரண்டு காரணங்களும் உண்டு. ஒன்று, அச்சுத் தொழிலின் பழக்கம். 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது பிரெஞ்சுக்காரரின் அச்சகத்தைக் கைப்பற்றி மதராஸுக்குக் கொண்டுவந்தார்கள். அது வேப்பேரியில் பாதிரியார் பப்ரீசியஸிடம் போய்ச் சேர்ந்தது. இருநூறு ஆண்டுக்கு மேல் பன்மொழி அச்சுக்கோப்பும் மெய்ப்புத் திருத்தமும் இந்த நகரத்துக்குக் கைவந்திருந்தன. கணினியில் பக்கம் கோக்கும் காலம் வந்தபோது மேலைநாட்டுப் பதிப்பகங்களின் வேலை சென்னைக்கும் புதுச்சேரிக்கும் வந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்று, தெருமுனை டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். தமிழ்நாட்டில் ஏதேனும் ஒரு தாலுகா தலைநகரில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு பெண்களும் பையன்களும் லோயர், ஹையர் என்று பரீட்சை எழுதுவார்கள். அரசு வேலைக்கென்று கற்ற அந்த விரல் வேகம் 1990களின் பிற்பகுதியில் எதிர்பாராத ஒரு சந்தையைக் கண்டது. அமெரிக்க மருத்துவர்கள் நோயாளியைப் பார்த்த பிறகு ஒலிப்பதிவில் சொல்லி வைக்கும் குறிப்புகள் இரவோடு இரவாக இங்கே வந்தன. அவர்கள் தூங்கி எழுவதற்குள் தட்டச்சாகித் திரும்பிப் போயின. நியூயார்க்குக்கும் சென்னைக்கும் இடையே உள்ள பத்தரை மணி நேர வித்தியாசமே விற்பனைச் சரக்கானது.

1994இல் காக்னிசன்ட் சென்னையில் தொடங்கியது. அப்போது அது டன் அண்டு பிராட்ஸ்ட்ரீட் குழுமத்தின் ஒரு பிரிவு. 2001இல் உலக வங்கி தன் கணக்கு வழக்குகளில் ஒரு பகுதியைப் பார்க்கச் சென்னையில் அலுவலகம் திறந்தது. 2002இல் பார்தி, சிங்டெல் நிறுவனங்கள் சேர்ந்து சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே சுமார் 3,200 கிலோமீட்டர் நீளத்தில் கண்ணாடி இழைக் கடற்கம்பியை இட்டன. 131 ஆண்டுகளுக்கு முன் தந்தி போன அதே இரண்டு துறைமுக நகரங்களை மறுபடி ஒரு கம்பி இணைத்தது. இந்த முறை கம்பியில் வேலையே வந்தது. கப்பலில் யாரும் ஏற வேண்டியிருக்கவில்லை.

ஒரு சாலையின் கதை

2000 ஜூலை 4 அன்று தரமணியில் டைடல் பூங்காவைப் பிரதமர் வாஜ்பாய் திறந்து வைத்தார். அங்கிருந்து தெற்கே மாமல்லபுரம் போகும் பழைய சாலை அப்போது இருவழிப் பாதை. பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர், நாவலூர், சிறுசேரி, கேளம்பாக்கம் என்று வரிசையாகக் கிராமங்கள். வழியில் சவுக்குத் தோப்பு, ஏரிகள், நெல் வயல், கேளம்பாக்கத்தை ஒட்டி உப்பளம். எட்டே ஆண்டுகளில் அது ஆறுவழிச் சாலையாகி, ராஜீவ் காந்தி சாலை என்று பெயர் மாறி, சுங்கச் சாவடியும் வந்துவிட்டது. சனங்களின் வாயில் மட்டும் இன்றும் ஓ.எம்.ஆர்.தான்.

இங்கேதான் பழைய பணவிடைப் பொருளாதாரத்துக்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசம் தெரிகிறது. ரங்கூனில் சம்பாதித்தவர் ரங்கூனில் சாப்பிட்டார். சோழிங்கநல்லூரில் உட்கார்ந்து நியூஜெர்சிக்கு வேலை செய்பவர் சோழிங்கநல்லூரில் சாப்பிடுகிறார். அவருக்குக் காலையில் இட்லிக் கடை வேண்டும். தங்க விடுதி வேண்டும். பேருந்து நிறுத்தத்திலிருந்து அலுவலகம் போக ஷேர் ஆட்டோ வேண்டும். இரவு ஷிப்டு முடிந்து வெளியே வந்தால் டீ வேண்டும். ஒரு சம்பளம் பத்துக் கைகள் மாறிப் போகிறது. காரைக்குடியில் வீடு கட்டி முடித்ததும் கொத்தனாருக்கு வேலை முடிந்துவிடும். மெஸ் நடத்தும் அம்மாவுக்கு மாதா மாதம் வேலை உண்டு. பெரம்பலூரிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் வந்த பெண்கள் லேடீஸ் ஹாஸ்டலில் நான்கு பேர் ஓர் அறையில் தங்கி, தங்கள் பெயரில் வங்கிக் கணக்கு வைத்து, தம்பிக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டினார்கள். அவர்களில் பலருடைய வீட்டில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் பெண் அவர்தான். இதைக் குறைத்துச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால் அந்தச் சாலையில் வேறு சிலரும் குடியேறினார்கள். டைடல் திறந்த அதே 2000ஆம் ஆண்டு முதல், நகரத்தின் உள்ளே கூவம் கரையிலும் மற்ற இடங்களிலும் இருந்து அகற்றப்பட்ட குடும்பங்களைத் துரைப்பாக்கத்தை ஒட்டிய கண்ணகி நகரில் கொண்டுவந்து விட்டார்கள். சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி. பிறகு பெரும்பாக்கம். கூலி வேலைக்குப் பழைய இடத்துக்குப் போய்வரப் பஸ் காசு கட்டுப்படியாகவில்லை. கண்ணாடிக் கட்டடங்களில் தரை துடைக்கவும் கழிப்பறை கழுவவும் ஆட்கள் தேவைப்பட்டார்கள். கண்ணகி நகர்ப் பெண்கள் அந்த வேலைக்குப் போனார்கள். ஒரே கட்டடம், ஒரே மின்தூக்கி. ஒருவர் நியூஜெர்சிக்கு வேலை செய்தார். இன்னொருவர் அவருக்கு வேலை செய்தார், ஒப்பந்தக்காரர் வழியாக.

சாலைக்கு மேற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். அது தன் பழைய பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. தண்ணீர் தேங்க வேண்டிய இடத்தில் கட்டடம் வந்ததன் கணக்கு 2015 டிசம்பரில் தீர்க்கப்பட்டது. வெள்ளத்தில் சாலை மூழ்கியது. வேலை தடைபடக் கூடாது என்று நிறுவனங்கள் ஊழியர்களைப் பேருந்தில் ஏற்றிப் பெங்களூருக்கு அனுப்பின. சம்பளம் வரும் வாய்க்கால் எவ்வளவு சுலபமாக வேறு ஊருக்குத் திரும்பும் என்பதை மெஸ்காரர்கள் அந்த மாதம் தெரிந்துகொண்டார்கள். நான்கே ஆண்டில் எதிர்த்திசையில் ஒரு பாடம். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டன. குழாய்த் தண்ணீர் இல்லாத ஓ.எம்.ஆர். முழுக்கத் தண்ணீர் லாரியை நம்பியிருந்தது. சுற்றுக் கிராமங்களின் விவசாயக் கிணறுகளிலிருந்து அந்த லாரிகள் தண்ணீர் எடுத்தன. ஜூன் மாதம் சில நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லின. கொரோனா வருவதற்கு ஒன்பது மாதம் முன்பே, தண்ணீர் இல்லாத காரணத்தால், அந்தச் சாலை வீட்டிலிருந்து வேலை பார்த்துப் பழகிவிட்டது.

அந்தப் பக்கத்து ஊர்

இதுவரை சொன்னது வேலை வந்த ஊரின் கதை. வேலை போன ஊர் என்று ஒன்றும் இருக்கிறது. அதில் எனக்குப் பங்கு உண்டு.

2008இல் அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் ஒரு சிறு நகரத்துக்கு என்னை அனுப்பினார்கள். அங்கே இருந்த காப்பீட்டு நிறுவனத்தின் பழைய கணினிக் கட்டமைப்பைப் பராமரிக்கும் வேலை சென்னைக்கு மாறவிருந்தது. வேலையை இதுவரை செய்தவர்கள் புதிதாகச் செய்யப்போகிறவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். எங்கள் தொழிலில் இதற்குக் கே.டி. என்று பெயர், அறிவு மாற்றம் என்று விரித்துச் சொல்லலாம். கற்றுக்கொடுத்து முடித்தால்தான் பணிநீக்க ஈட்டுத்தொகை முழுதாகக் கிடைக்கும் என்பது அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது.

எனக்குக் கற்றுக்கொடுத்த பெண்மணி இருபத்திரண்டு ஆண்டுகள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர். ஆறு வாரம் எதையும் ஒளிக்காமல் சொல்லித் தந்தார். எந்தக் கோப்பு மாதக் கடைசியில் மக்கர் செய்யும், எதை எழுப்பும் முன் எதைத் தூங்க வைக்க வேண்டும் என்று தன் கையெழுத்தில் எழுதி வைத்திருந்த நோட்டையும் கொடுத்தார். கடைசி வாரம் அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: தன் வேலை எந்த ஊருக்குப் போகிறது, வரைபடத்தில் காட்ட முடியுமா? சோழிங்கநல்லூரைக் காட்டினேன். உச்சரித்துப் பார்த்தார், வரவில்லை. அங்கே முன்பு என்ன இருந்தது என்று கேட்டார். சவுக்குத் தோப்பு என்றேன். அதற்கு ஆங்கிலத்தில் எனக்குச் சரியான சொல் கிடைக்கவில்லை. ஒரு வகை மரம் என்று சொல்லிவிட்டேன். இங்கே சோளக்கொல்லை இருந்தது, என் தாத்தாவுடையது என்றார்.

நான்கு ஆண்டு கழித்து வேறொரு வேலையாக அந்த வழியே போனேன். நிறுவனம் இருந்தது, எதிரே இருந்த காலைச் சிற்றுண்டிக் கடை இல்லை. ஓ.எம்.ஆரில் ஒரு சம்பளம் பத்துக் கை மாறுகிறது என்று எழுதினேன் அல்லவா, அந்தப் பத்துக் கைகள் முன்பு வேறு எங்கோ இருந்தன. இரண்டு சம்பளமும் ஒரே அளவு இல்லை. அவர் வாங்கியதில் ஒரு சிறு பங்குதான் சென்னையில் சம்பளமானது. மீதம் இரண்டு ஊருக்கும் போகவில்லை. அது காப்பீட்டு நிறுவனத்தின் பங்குதாரருக்கும் எங்கள் நிறுவனத்தின் பங்குதாரருக்கும், கொஞ்சம் எனக்கும் போனது. என் வீட்டின் முன்பணத்தில் அந்த ஆண்டின் ஊக்கத்தொகை இருக்கிறது.

ஊருக்குள் போன கம்பி

வேலை மதராஸ் வரை வர முடியுமானால் மன்னார்குடி வரை ஏன் வரக்கூடாது என்ற கேள்வியைச் சிலர் முன்பே கேட்டார்கள். சென்னை ஐ.ஐ.டி.யின் ஆதரவில் 2007இல் தொடங்கிய தேசிக்ரூ கிராமங்களிலேயே தரவு வேலைக்கான மையங்களை நடத்தியது. நிலமும் வாடகையும் மலிவு. கிடைத்த வேலையை விட்டு ஓடும் ஆட்களும் குறைவு. ஆனால் மின்வெட்டுக் காலத்தில் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றியே லாபம் கரைந்துவிடக்கூடிய தொழில் அது.

தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் 2011இல் ஸோஹோ அலுவலகம் திறந்தது வேறு வகை. அங்கே வெளிநாட்டுக்காரனின் வேலையை மணிக்கணக்கில் செய்து கொடுப்பதில்லை. சொந்தமாகச் செய்த மென்பொருளை உலகத்துக்கு விற்கிறார்கள். வாடிக்கையாளர் ஒருவர் போனால் இன்னொருவர் இருப்பார். வேலையை எங்கே வைப்பது என்ற முடிவு வாடிக்கையாளர் கையில் இல்லை. நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு 2019இல் தென்காசிப் பக்கமே குடிவந்துவிட்டார். முடிவெடுப்பவர் ஊரில் இருப்பதற்கும் கம்பியின் மறுமுனையில் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் பெரியது. அதே சமயம், ஒரே முதலாளியின் மனத்தை நம்பியிருக்கும் ஊர் என்பதும் செட்டிநாட்டுக்குத் தெரியாத விஷயம் இல்லை.

2020 மார்ச்சில் எல்லாக் கம்பியும் ஒரேயடியாக ஊருக்குள் போனது. அதுவரை அழைப்பு மையம் போன்ற பணிகளை வீட்டிலிருந்து செய்யத் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியும் வங்கி உத்தரவாதமும் தேவைப்பட்டன. பொதுமுடக்கத்தில் அவை தளர்த்தப்பட்டன. அந்த நவம்பரில் விதிகளே பெருமளவு நீக்கப்பட்டன. ஓ.எம்.ஆர். விடுதிகள் காலியாகின. மெஸ்கள் மூடின. கண்ணகி நகர்ப் பெண்களுக்குத் துடைக்கத் தரை இல்லை. அவர்களுடைய வேலையை வீட்டிலிருந்து செய்ய முடியாது.

என் சித்தி மகன் பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் தன் ஊருக்குப் போனான். 2018 நவம்பர் கஜா புயலில் அந்தப் பகுதித் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்திருந்தன. சித்தப்பாவின் தோப்பில் பத்துக்கு எட்டு மரம் போய்விட்டது. நட்ட ஈட்டில் விழுந்த மரங்களை அறுத்து அகற்றவே சரியாக இருந்தது. ஒன்றரை ஆண்டு வெறுமனே கிடந்த நிலத்தில் அவன் 2020 ஆடிப் பட்டத்தில் கன்று வைத்தான். குழி வெட்டியவர்களுக்கும், சொட்டுநீர்க் குழாய் போட்டவருக்கும், இடையில் உளுந்து விதைத்தவர்களுக்கும் கூலி கொடுத்தது டெக்ஸாஸில் இருக்கும் ஒரு மருத்துவமனைக் குழுமத்தின் பில்லிங் வேலை. இரவு முழுக்க வேலை; விடிந்ததும் தோப்புக்குத் தண்ணீர் திறந்துவிட்டுத் தூங்கப் போவான். சித்தி தொலைபேசியில் என்னிடம் சொன்னாள்: "ராத்திரி பூரா அமெரிக்காக்காரனோட பேசுறான்பா, பகல்ல நாங்க பேசினா கோபப்படுறான். இருந்தாலும் வீட்டுல ஒரு ஆள் இருக்கான்ல."

2022இல் அலுவலகத்துக்குத் திரும்பி வரச் சொல்லிவிட்டார்கள். இப்போது மறுபடி துரைப்பாக்கத்தில் விடுதி.

மிஞ்சுவது

இனி முதலில் கேட்ட கேள்வி. கம்பி வழி வரும் சம்பளம் நின்றால் என்ன மிஞ்சும்?

அது நிற்கக்கூடும் என்பது வெறும் பயம் இல்லை. மருத்துவக் குறிப்பைத் தட்டச்சு செய்த விரல்களின் வேலையில் பெரும்பகுதியைப் பேச்சைப் புரிந்துகொள்ளும் மென்பொருள் எடுத்துக்கொண்டுவிட்டது. இப்போது நிரல் எழுதும் வேலையின் முறை. புதிதாகச் சேரும் பொறியாளருக்கு 2010 வாக்கில் சொல்லப்பட்ட ஆண்டுக்கு மூன்று, மூன்றரை லட்சம் என்ற சம்பளம் பத்தாண்டு கழித்தும் ஏறத்தாழ அதே இடத்தில் நின்றது. இந்தக் காலத்தில் விடுதி வாடகை அங்கேயே நிற்கவில்லை. பொறியியல் கல்லூரிகள் பல மூடப்பட்டுவிட்டன. தமிழ்நாடு அரசு 2024இல் விழுப்புரம், தஞ்சாவூர், சேலம் ஆகிய ஊர்களில் சிறிய டைடல் பூங்காக்களைத் திறந்தது. வேலையைச் சென்னையைத் தாண்டிக் கொண்டுபோக வேண்டும் என்ற எண்ணம் நல்லது. ஆனால் எந்த வேலை என்ற கேள்வி கட்டடத்தால் தீர்வதில்லை.

செட்டிநாட்டின் கணக்கு இங்கே பயன்படுகிறது. அங்கே வீடாகப் போன பணம் வீட்டோடு பூட்டப்பட்டது. கல்லூரியாகவும் ஆய்வகமாகவும் போன பணம் இன்னும் வேலை கொடுக்கிறது. ஓ.எம்.ஆரில் கால் நூற்றாண்டாக வந்த பணம் பெரும்பாலும் மனையாகவும் அடுக்குமாடியாகவும் போயிருக்கிறது. கிராமமாக இருந்தபோது அங்கே இருந்த ஏரியையும் கிணற்றையும் அது விழுங்கிவிட்டது. அந்த அடுக்குமாடிகளில் கணிசமானவை நம்முடையவை. புலம்பெயர்ந்த நாம் விடுமுறைக்கு வந்தபோது முன்பதிவு செய்து, நான்கு ஆண்டு கழித்துச் சாவி வாங்கி, வாடகைக்கு விட்டிருப்பவை. உள்ளூர்ப் பொருளாதாரத்தைப் பற்றிப் பேசும்போது நம்மை வெளியே நிறுத்திவிட்டுப் பேச முடியாது.

எனக்கும் நாவலூரில் ஒன்று இருக்கிறது. போன ஆண்டு அதில் குடியிருந்த இளம் தம்பதி காலி செய்தார்கள். இருவருக்கும் ஒரே மாதத்தில் வேலை போயிருந்தது. முன்பணத்தைத் திருப்பி அனுப்பியபோது, வாடகையை இந்த அளவுக்கு ஏற்றியவர்களில் நானும் ஒருவன் என்று தோன்றியது.

சித்தி மகனின் தோப்பில் நெட்டை ரகம். காய்க்க ஆறேழு ஆண்டு ஆகும் என்று வைக்கும்போதே சித்தப்பா சொன்னார். போன மாதம் அவன் படம் அனுப்பியிருந்தான். ஒரு வரிசையில் பாளை விட்டிருக்கிறது. அதற்குக் கீழே எழுதியிருந்தான்: "எங்க டீம்ல பாதிப் பேரை எடுத்துட்டாங்க. நான் இருக்கேன், இப்போதைக்கு."